காய்ச்சல் விட்ட நாள்: ஒரு டெங்கி நோயாளியின் ஒன்பது நாள்கள்

இதில் வரும் பெண்மணி ஒரு தனி மனிதர் அல்ல. சிங்கப்பூரில் நடுவயதுக்காரர்களுக்குக் கடுமையான டெங்கி வரும்போது வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறேன். அவருடைய வயது, குடும்பம், பரிசோதனை எண்கள் எல்லாம் அப்படிக் கட்டியவை. நோய் நடந்துகொள்ளும் விதமும், சிகிச்சை முறையும், ஆண்டுகளும், ஆய்வு முடிவுகளும் உண்மையானவை.

நோயாளிக்கு 46 வயது. மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். வடகிழக்கு வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் நான்காம் தளத்தில் வீடு. கணவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள், அவர் என மூன்று பேர். எடை 58 கிலோ. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரையோடு அவருடைய வழக்கமான அழுத்தம் 138/84. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் எங்கும் பயணம் போகவில்லை. ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் டெங்கியில் விழுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மஞ்சள் என்றால் பத்துக்குக் குறைவு. தினமும் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கண்ணில் படும் பதாகைதான். இரண்டு வாரம் ஆனால் அதுவும் சுவரோடு சுவராகிவிடும்.

முதல் நான்கு நாள்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை திடீரென்று குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், 39.4 டிகிரி. கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பிலும் முட்டியிலும் அடித்துப்போட்டது போல வலி. இருமல் இல்லை, சளி இல்லை. பெரியவர் ஒருவருக்குச் சளியே இல்லாமல் இவ்வளவு காய்ச்சல் அடித்தால், சிங்கப்பூரில் டெங்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

திங்கட்கிழமை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் இரண்டு காரியம் செய்தார். என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்துக்கான பரிசோதனை; அது உடனே டெங்கி என்று காட்டியது. அதோடு முழு ரத்த எண்ணிக்கைக்கும் ரத்தம் எடுத்தார். ஹிமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 37 சதவீதம், தட்டணு (பிளேட்லெட்) 1,68,000, வெள்ளணு 3,100. வெள்ளணு ஏற்கெனவே குறையத் தொடங்கிவிட்டது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இந்த மொத்த நிகழ்விலும் அதிக மதிப்புள்ள எண் அந்த 37தான். நோய் முற்றுவதற்கு முன் இவருடைய ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருந்தது என்று யாரோ ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். இந்த அடிப்படை எண் இல்லாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிகளே அதிகம்.

பனடால் (பாராசிட்டமால்) மட்டும் போடுங்கள், நிறையக் குடியுங்கள், தினமும் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள் என்று சொல்லி எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்து அனுப்பினார். இதில் பனடால் மட்டும் என்ற பகுதி வீட்டில் காப்பாற்றப்படவில்லை. முட்டிவலிக்கென்று முன்பு வாங்கி வைத்திருந்த வலி மாத்திரை ஒன்று அலமாரியில் இருந்தது. பனடாலுக்கு வலி அடங்காததால் திங்கள் இரவும் செவ்வாய்க் காலையும் அதைப் போட்டுக்கொண்டார். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே கோத்திரம். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் வேலையைக் கெடுத்து, வயிற்றின் உட்சுவரையும் புண்ணாக்கும். டெங்கியில் இந்த இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிய வழி திறந்துவிட்டது மாதிரிதான். மகள் செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டுப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

அதே செவ்வாய்க்கிழமை மன்னார்குடியிலிருந்து மாமியாரின் குரல் பதிவு: பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்து வேளைக்கு இரண்டு கரண்டி கொடுங்கள், தட்டணு விறுவிறு என்று ஏறும். லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் பப்பாளி இலை கிடைக்காமலா போகும்? வாங்கி வந்தார்கள். இரண்டாவது வேளையே கசப்பு தாங்காமல் வாந்தி. "அத்தை, இது எனக்கு ஒத்துக்கலை" என்று இவர் சொன்னதற்கு, "அப்போ நிலவேம்பாவது குடிம்மா" என்று பதில். தமிழ்நாட்டில் டெங்கி பரவிய ஆண்டுகளில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. அதனால் மாமியார் சொன்னதில் வியப்பில்லை. பப்பாளி இலைச் சாறு குடித்தவர்களுக்குத் தட்டணு கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சொல்லும் சிறு ஆய்வுகள் உண்டு. சரி, ஏறட்டும். ஆனால் டெங்கியில் ஆளைக் கொல்வது தட்டணுக் குறைவு அல்ல. வாந்தியைக் கூட்டி, குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடிக்க விடாமல் செய்யும் எந்தக் கைமருந்தும் இந்த நோயில் நஷ்டக் கணக்குத்தான்.

செவ்வாய்: ஹிமடோகிரிட் 38, தட்டணு 1,21,000. புதன்: 40, 72,000. புதன் மாலை வாந்தி மூன்று தடவை. ஹண்ட்ரட் பிளஸ் பானம், இளநீர், கஞ்சித் தண்ணீர் எதுவும் உள்ளே நிற்கவில்லை. மேல்வயிற்றில் ஒரு மந்தமான வலி. உலகச் சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் எச்சரிக்கை அறிகுறிகள் என்று சில உண்டு: வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, கல்லீரல் வீக்கம், நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்வது, தட்டணு சரசரவென்று இறங்கும்போதே ஹிமடோகிரிட் ஏறுவது. புதன் இரவே இவருக்கு அவற்றில் இரண்டு தெளிவாக இருந்தன. அன்றே மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். யாரும் வீட்டில் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் காய்ச்சல் குறைந்துகொண்டு வந்தது.

வியாழக்கிழமை

காலையில் 37.1. வீடே மூச்சு விட்டது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். அன்றைய ரத்தப் பரிசோதனையைக்கூட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இவர் படுத்தே கிடந்தார், அது காய்ச்சல் விட்ட அலுப்பு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார்.

பிற்பகலில் குளியலறைக்குப் போக எழுந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. டாக்சி பிடித்துப் பாலிகிளினிக்குக் கூட்டிப் போனாள். அங்கே எடுத்த ரத்தத்தில் தட்டணு 31,000, ஹிமடோகிரிட் 46. அங்கிருந்து ஆம்புலன்ஸ்.

முப்பத்தேழிலிருந்து நாற்பத்தாறு என்பது கிட்டத்தட்ட 24 சதவீத ஏற்றம். 20 சதவீதம் ஏறினாலே பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கசிகிறது என்று உலகச் சுகாதார அமைப்பின் பழைய வகைப்பாடும் ஒப்புக்கொள்ளும். ஹிமடோகிரிட் என்பது ரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு. அடுப்பில் வைத்த குழம்பு வற்றக் கெட்டியாவது போலத்தான் இது: சிவப்பணு கூடவில்லை, அதைச் சுற்றியிருந்த நீர்ப்பகுதி குழாயைவிட்டு வெளியே போய்விட்டது. நல்லவேளை, திங்கட்கிழமையின் 37 பதிவில் இருந்தது. அது இல்லாவிட்டால் 46 என்பதைப் பார்த்து, சிலருக்கு இயல்பாகவே இப்படி இருக்கும் என்று கடந்துபோக இடம் உண்டு.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் அவர் தெளிவாகப் பேசினார். பெயர், நாள், மகளுடைய கைப்பேசி எண் எல்லாம் சரியாகச் சொன்னார். டெங்கி அதிர்ச்சியில் இதுதான் ஏமாற்றும். மூளைக்கு ரத்தம் போகும்வரை உடல் தன் கடைசிக் காசையும் செலவழித்துக் காப்பாற்றும், நோயாளி கடைசிவரை பேசிக்கொண்டேயிருப்பார். உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டிருந்தன. நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆயிற்று. நாடித்துடிப்பு 112. ரத்த அழுத்தம் 104/86.

மேலே உள்ள 104-ஐ மட்டும் பார்ப்பவர், பரவாயில்லை, நூறுக்கு மேல் இருக்கிறது என்பார். இரண்டு காரணத்தால் அது தவறு. ஒன்று, 138 வழக்கமாக இருப்பவருக்கு 104 என்பது பெரிய இறக்கம். இரண்டாவது, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 18தான். அது 20-ஐவிடக் குறையும்போது, ரத்தக் குழாய்கள் இறுக்கிச் சுருங்கி, உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்ச ரத்தத்தை வைத்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இது அதிர்ச்சி நிலைதான், இன்னும் சரியவில்லை, அவ்வளவே.

ஸ்கேனில் வலது நுரையீரலைச் சுற்றி நீர், பித்தப்பையின் சுவர் தடித்திருந்தது. கல்லீரல் நொதிகள் பல மடங்கு ஏறியிருந்தன. குழாயைவிட்டு வெளியேறிய பிளாஸ்மா போய்ச் சேர்ந்த இடங்களில் நெஞ்சுக்கூடும் வயிறும் முக்கியமானவை.

டிரிப்

டெங்கிக்கென்று வைரஸை அழிக்கும் மருந்து கிடையாது. சிகிச்சை என்பது உப்புத் தண்ணீர்தான், ஆனால் எவ்வளவு, எப்போது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. சரியாகச் செய்தால் கடுமையான டெங்கியில்கூட நூறில் ஒருவருக்கும் குறைவானவரே இறக்கிறார்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மில்லி, அதாவது சுமார் 580 மில்லி ஏற்றப்பட்டது. மணி முடிவில் நாடி 98, அழுத்தம் 112/80. வித்தியாசம் 32 ஆகியிருந்தது. கைகள் வெதுவெதுப்பாயின. ஹிமடோகிரிட் 43. அப்புறம் கிலோவுக்கு 7, பிறகு 5, நள்ளிரவுக்குள் 3 என்று படிப்படியாகக் குறைத்தார்கள். மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வர வேண்டும் என்பது இலக்கு. குழாய் வழியாக வந்த அளவை நர்ஸ் ஒவ்வொரு மணியும் குறித்தார்.

நள்ளிரவுக்கு மேல் ஒரு சிக்கலான கட்டம். ஹிமடோகிரிட் 38-க்கு வந்துவிட்டது. இறங்குவது நல்லதுதானே என்று தோன்றும். டிரிப் வேலை செய்து நீர்ப்பகுதி நிரம்பியதால் இறங்கியிருந்தால் நல்லது. உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருப்பதால் இறங்கியிருந்தால் ஆபத்து. எண் ஒன்றே, அர்த்தம் இரண்டு. போதாததற்கு அன்று இரவு மாதவிடாயும் தொடங்கியிருந்தது, வழக்கத்தைவிட அதிகப் போக்கோடு. டெங்கியில் இது அடிக்கடி நடக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு பலர் சொல்வதில்லை. ஆண் டாக்டர் சுற்றி நிற்கையில் சொல்லத் தயங்கி, இவரும் நர்ஸிடம்தான் சொன்னார். பயன்படுத்திய அணையாடைகள் எண்ணப்பட்டன. பொருந்தும் ரத்தம் ரத்த வங்கியில் ஒதுக்கி வைக்கப்பட்டது. நாடி 92-இல் நின்றது, அழுத்த வித்தியாசம் குறையவில்லை, சிறுநீர் தாராளமாக வந்தது, மலம் கறுக்கவில்லை. ஆக இறக்கம் நல்ல இறக்கம். ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. நாடி ஏறியிருந்தால் முடிவு நேர்மாறாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் இன்னும் உப்புத் தண்ணீரை ஊற்றுவது கெடுதல்.

"டாக்டர், பிளேட்லெட் எவ்வளவு?"

வெள்ளிக்கிழமை தட்டணு 14,000. வார்டுக்கு வெளியே குடும்பம் கலங்கிப்போயிருந்தது. கணவருக்கு ஊரிலிருந்து அழைப்புக்குமேல் அழைப்பு. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. சிங்கப்பூரிலேயே உறவுக்காரப் பையன்கள் மூன்று பேர் தட்டணு கொடுக்கத் தயாராக வந்து நின்றார்கள். ஏன் இன்னும் ஏற்றவில்லை, செலவுக்குப் பார்க்கிறார்களா என்றுகூட ஒருவர் கேட்டார்.

கேள்வியில் தப்பில்லை. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் டெங்கி என்றாலே தட்டணு எண்ணிக்கைதான் தலைப்பு. ஆனால் இந்தக் கேள்விக்கு நேரடியான விடை சிங்கப்பூரிலிருந்தே வந்திருக்கிறது. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் 372 டெங்கி நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. எல்லாரும் பெரியவர்கள், எல்லாருக்கும் தட்டணு 20,000 அல்லது அதற்குக் கீழே. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குத் தட்டணு ஏற்றினார்கள், மறுபாதிக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் ஏற்றிய பக்கம் 21 சதவீதம், ஏற்றாத பக்கம் 26 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே அல்ல. பக்கவிளைவுகளோ ஏற்றிய பக்கத்தில்தான் அதிகம். நோயின் உச்சத்தில் உள்ளே போகும் தட்டணுக்களும் சில மணி நேரத்தில் அழிந்துவிடுகின்றன. கூடவே போகும் திரவம், கசிவு நிற்கும் நேரத்தில் நுரையீரலுக்குச் சுமையாகிறது.

ரத்தம் கொட்டினால் ஏற்றுவார்கள், அது வேறு. வெறும் எண்ணைப் பார்த்து ஏற்றுவதில்லை. வார்டு டாக்டர் இதைக் கணவரிடம் பொறுமையாக விளக்கினார். அவர் கடைசியில் கேட்டார்: "அப்போ நான் ஊருக்கு என்ன நம்பரைச் சொல்றது?" ஹிமடோகிரிட்டையும் சிறுநீரையும் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மாமியாருக்கு அது திருப்தியளிக்கவில்லை என்று கேள்வி.

வைரஸ் என்ன செய்தது

ரத்தக்கசிவுக் காய்ச்சல் தரும் வைரஸ்கள் ஒரே குடும்பம் அல்ல. எபோலாவும் மார்பர்க்கும் ஃபிலோ குடும்பம். மேற்கு ஆப்பிரிக்காவின் லாசா அரினா குடும்பம். ஹண்டாவும் கிரிமியன்-காங்கோவும் புன்யா வகையைச் சேர்ந்தவை. டெங்கி நான்காவதான ஃபிளாவி குடும்பம். மஞ்சள் காய்ச்சலும், 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்ட கியாசனூர்க் காட்டு நோயும் டெங்கியின் நெருங்கிய சொந்தம். எல்லாமே ஆர்என்ஏ வைரஸ்கள், எல்லாவற்றுக்கும் கொழுப்புறை உண்டு, எல்லாம் மூலத்தில் விலங்கிடமிருந்து வந்தவை. டெங்கி மட்டும் காட்டை விட்டு நகரத்துக்குக் குடிவந்துவிட்டது. அதற்கு இப்போது குரங்கு வேண்டாம். மனிதனும் ஏடிஸ் கொசுவும் போதும். எபோலா சந்தேகம் என்றால் சிங்கப்பூரில் உயர்நிலைத் தனிமை வார்டு தயாராக இருக்கிறது. டெங்கி நோயாளி பொது வார்டில் மற்றவர்களோடு படுத்திருக்கிறார். ஆண்டுதோறும் இந்தத் தீவில் ஆயிரக்கணக்கானோரைப் படுக்கவைப்பது இரண்டாவதுதான்.

டெங்கி வைரஸின் மரபுச்சரம் ஏறத்தாழ 11,000 எழுத்துகள், பத்தே புரதங்கள். அதில் ஒன்றுதான் திங்கட்கிழமை பரிசோதனையில் அகப்பட்ட என்எஸ்1. பாதிக்கப்பட்ட செல்லிலிருந்து வெளியேறி ரத்தத்தில் மிதக்கும் இந்தப் புரதம், குழாய்களின் உட்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய சர்க்கரைப் பூச்சைக் கரைக்கிறது. உடலின் எதிர்ப்புச் செல்கள் கொட்டும் வேதிப்பொருள்களும் சேர்ந்துகொள்ள, சுவரின் செல்களுக்கிடையே இடைவெளி விழுகிறது. ரத்தம் கசிவதில்லை, அதன் நீரும் புரதமும் கசிகின்றன. அதனால்தான் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே ஒருவர் அதிர்ச்சி நிலைக்குப் போக முடிகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான் நீடிக்கும். அது உச்சத்துக்குப் போவது ரத்தத்தில் வைரஸ் குறைந்து காய்ச்சல் இறங்கும் சமயத்தில். கசிவை முடுக்கிவிடுவதில் பெரும்பங்கு வைரஸை விரட்டும் உடலின் கொந்தளிப்புக்கு உண்டு. வியாழக்கிழமைக் காலை 37.1 என்று காட்டிய வெப்பமானி பொய் சொல்லவில்லை. அதன் அர்த்தத்தைத்தான் வீடு தலைகீழாகப் படித்தது.

ஏன் இவருக்கு இவ்வளவு கடுமை? டெங்கியில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அதே வகை மறுபடி வராது. மற்ற மூன்றிலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பு கொஞ்ச காலத்தில் தேய்ந்துவிடும். அதன்பின் வேறொரு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதைக் கொல்லும் அளவுக்குப் பொருந்தாமல், ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் பொருந்தும். ஒட்டிய வைரஸை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கிய வெள்ளணுவுக்குள்தான் வைரஸ் பெருகுகிறது. 1960-களில் பாங்காக்கில் குழந்தைகளைக் கவனித்த மருத்துவ ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இதை முன்வைத்தபோது பலர் நம்பவில்லை. கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, பெரிய பாதிப்பில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய், பத்தாயிரத்துக்கும் மேல் கடுமையானவை, 158 சாவுகள். அதற்குப் பிறகு பேச்சு மாறியது.

நம் நோயாளிக்கு முன்பு டெங்கி வந்ததாக நினைவில்லை. ஆனால் புதன்கிழமை ரத்தத்திலேயே ஐஜிஜி வகை எதிர்ப்புப் புரதம் உயர்ந்த அளவில் இருந்தது. முதல் தடவை என்றால் அது இவ்வளவு சீக்கிரம் வராது. மன்னார்குடியில் சிறுவயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அது. சென்னையில் 5 முதல் 40 வயதுவரை ஆயிரம் பேரிடம் எடுத்த ஆய்வில் 93 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே டெங்கி வந்துபோன தடயம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. சிங்கப்பூரில் 2009-இல் ரத்த தானம் செய்தவர்களிடம் பார்த்தபோது 16 முதல் 20 வயதுக்காரர்களில் சுமார் 16 சதவீதத்தினருக்கே அந்தத் தடயம். ஆக, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கும் குடும்பமாகவும் வரும் நம்மவர்களுக்குச் சிங்கப்பூரில் வரும் டெங்கி பெரும்பாலும் முதலாவது அல்ல. தங்குவிடுதிகளில் இருக்கும் ஊழியர்களிடம் இதைச் சொல்லும் சுவரொட்டி எதையும் நான் பார்த்ததில்லை.

உருளி

வார்டில் இவர் படுத்திருக்கும்போதே வாரியத்தின் அதிகாரிகள் புளோக்குக்கு வந்தார்கள். 150 மீட்டருக்குள் இரண்டு வாரத்தில் இரண்டு பேருக்கு வந்தாலே அது ஒரு தொற்றுக் குழுமம், வீடு வீடாகச் சோதனை உண்டு. நடைபாதையில் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டு காய்ந்திருந்தது. துணி காயப்போடும் கழிகளைச் செருகும் துளைகளும் சுத்தம். வாசலுக்குள் அழகுக்காக வைத்திருந்த பித்தளை உருளியில், பொங்கலுக்குப் போட்ட பூக்கள் வாடி மாற்றப்பட்டிருந்தாலும், தண்ணீர் மாற்றப்படாமல் மேலே மேலே ஊற்றப்பட்டிருந்தது. அதில் புழுக்கள். ஏடிஸுக்கு 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் என்கிறது வாரியம். உருளியோ அதற்கு அரண்மனை. 200 சிங்கப்பூர் வெள்ளி அபராதம்.

அந்த உருளிக் கொசுதான் கடித்தது என்று சொல்ல முடியாது. ஏடிஸ் பகலில் கடிப்பது, இவர் பகலில் வேலையில் இருப்பவர். ஆனால் கணவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, உருளியைப் பரணில் ஏற்றிவிட்டார். வைக்கும் முன் உட்பக்கத்தை நன்றாகத் தேய்த்தாரா என்று மகள் கேட்டது சரியான கேள்வி: ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இத்தனைக்கும் சிங்கப்பூர் கொசுவை அடக்குவதில் உலகுக்கே முன்மாதிரி. 1960-இல் இங்கே ரத்தக்கசிவு டெங்கி தலைகாட்டியது. அந்தப் பத்தாண்டில் அது குழந்தைகளைக் கொன்ற நோய். 1966-இலிருந்து கேலாங் சிராயில் முன்னோடித் திட்டம் நடத்தி, சட்டம் போட்டு, வீடு வீடாகத் தேடியதில், கொசு வளரும் வீடுகள் நூறில் இரண்டு என்ற அளவுக்கு வந்தன. சுமார் பதினைந்து ஆண்டுகள் அமைதி. 1980-களின் நடுவில் நோய் திரும்பியது. 2005-இல் 14,000-க்கும் மேல், 2013-இல் 22,000-க்கும் மேல், பலர் வீட்டில் அடைந்துகிடந்த 2020-இல் 35,000-க்கும் மேல், மூன்றாம் வகை பரவிய 2022-இல் 32,000-க்கும் மேல். கொசு குறைந்ததால் தொற்று குறைந்தது, தொற்று குறைந்ததால் எதிர்ப்புச் சக்தியில்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. இப்போது கொஞ்சம் கொசு இருந்தாலும் வைரஸுக்குப் போதுமான ஆள் கிடைக்கிறார்கள். நோயும் குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்கு நகர்ந்துவிட்டது, அவர்களோடு ரத்த அழுத்தமும் நீரிழிவும் சேர்ந்துகொள்கின்றன. இதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கொசுவை விட்டிருந்தால் அந்தத் தலைமுறை எதிர்ப்புச் சக்தியைக் குழந்தைப் பருவத்துச் சாவுகளைக் கொடுத்து வாங்கியிருக்கும். 2016-இலிருந்து வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசுக்களை விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது, அதோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது. விட்ட இடங்களில் டெங்கி வரும் வாய்ப்பு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. வீட்டு ஜன்னலில் கொசு கூட்டமாக வந்து உட்கார்ந்தால் எங்கள் சித்தி இன்னமும் வாரியத்தைத் திட்டுகிறார், அது வேறு விஷயம்.

எழுந்த பிறகு

சனிக்கிழமை தட்டணு 16,000தான். ஆனால் பசி வந்தது, ரசம் சாதம் கேட்டார். கை கால்களில் சிவந்த தடிப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள், தாங்க முடியாத அரிப்பு. இது மீட்சியின் அறிகுறி. வெளியே போன பிளாஸ்மா இப்போது குழாய்க்குள் திரும்புகிறது, ஆகவே டிரிப்பை உடனே நிறுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் பரிவோடு ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். காலையிலேயே நிறுத்தினார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் வியாழக்கிழமையே நிறுத்தப்பட்டிருந்தது. அழுத்தம் 130-ஐத் தாண்டிய பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். ஞாயிறு தட்டணு 48,000, திங்கட்கிழமை 93,000. யாரும் எதையும் ஏற்றாமலே ஏறியது. அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாதம் அலுப்பு இருந்தது. பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. காய்ச்சலுக்குப் பின் இது வழக்கம், சில மாதங்களில் நின்றுவிடும். மறுபரிசோதனையில் அவர் கேட்டது தடுப்பூசி பற்றி. உடம்பில் இருந்தது மூன்றாம் வகை வைரஸ் என்று தெரிந்திருந்தது, பழையது எது என்று தெரியாது, ஆக இன்னும் இரண்டு வகை பாக்கி. மூன்றாம், நான்காம் தடவை தொற்றில் கடுமையான நோய் வருவது குறைவு என்று டாக்டர் சொன்னார். சிங்கப்பூரில் 2016-இல் அனுமதி பெற்ற டெங்வாக்சியா ஏற்கெனவே டெங்கி வந்தவர்களுக்கே ஏற்றது என்பது 2017-இல் தெளிவானது. அந்த வகையில் இவர் பொருத்தமானவர்தான். ஆனால் அப்போது இருந்த அனுமதி 12 வயது முதல் 45 வயது வரைதான். "ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்னு சொல்றீங்க" என்றார். மகளுக்கு அதைப் போடலாமா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு முன் மகளுக்கு எப்போதாவது டெங்கி வந்திருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.